கரியில் நெய்த கிட்டார்
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு மாணவர் ஒருவர் எழுதுவது)



கரி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனின் பெட்டிக்குள் கனலும் அடுப்புக்கரி. டிராயிங் ஹாலில் சீவிச் சீவியே பாதி தீர்ந்துபோகும் பென்சில் முனை. லேட்டாக வந்தவன் சட்டையில் ஒட்டியிருக்கும் பஸ் புகை. அவ்வளவுதானே? அந்தக் கரியை நூலாக்கி, நூலைத் தறியில் ஏற்றித் துணியாக நெய்து, அந்தத் துணியில் கிட்டார் செய்கிறார்கள். ஒரு கிட்டாரின் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அதையும் வாங்க உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, நிஜம்!

இதைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன்? எனக்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று, நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவும் உண்டா? இரண்டு, கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். மூன்று, மெக்கானிக்கல் படிக்கிறேன். இந்த மூன்றும் ஒரே பொருளில் வந்து முட்டினால் எழுதாமல் எப்படி இருப்பது?

மரத்துக்கு என்ன குறை?

முதலில் மரக் கிட்டாரின் கதையைப் பார்ப்போம். ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கி ஏற்றினால் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. அதாவது ஒரு முழு ஆள் ராத்திரி பகலாக அந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்தப் பாரத்தைத் தாங்கும் மேல்பலகையின் கனம் எவ்வளவு தெரியுமா? மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு! கனமாகப் போட்டால் பலகை அதிராது, சத்தம் வராது. மெல்லிசாகப் போட்டால் வளையும். இந்தக் கயிற்றின்மேல் நடப்பதுதான் கிட்டார் செய்யும் வித்தை.

இதோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. மரம் என்பது செல்லுலோஸ். பருத்தியும் செல்லுலோஸ்தான். பாவு நூல் வெயில் காலத்தில் மொறமொறவென்று அறுந்து விழுவதையும், மழைக்காலத்தில் பதம் மாறுவதையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். மரமும் அப்படியே. காற்றில் ஈரம் கூடினால் குடித்து உப்பும். குறைந்தால் கக்கிச் சுருங்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில் கிட்டாரை வையுங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் யோசனை. சித்திரை வெயிலில் நம்ம ஊரில் அதற்கு எங்கே போவது?

என்னிடம் இருப்பது கல்கத்தாவில் செய்த சாதாரண மரக் கிட்டார். கோடையில் ஃப்ரெட் பலகை சுருங்கி, பித்தளைக் கம்பிகளின் முனை வெளியே நீட்டி விரலைக் கீறும். ஐப்பசி மழையில் வயிறு உப்பி, கம்பி மேலே எழும்பி, ஒரு எஃப் கார்டு பிடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். என் மாமா ஒரு லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிறார். திருவிழாக் காலத்தில் வேனின் மேல் கூரையில் கட்டி வந்த கிட்டாரின் பிரிட்ஜ், கோந்து இளகி, தோசைக்கரண்டி போட்டு எடுத்த மாதிரி கழன்று நின்றது. "மாப்ள, இதுக்கு இரும்புலதான் கிட்டார் செய்யணும்" என்றார். இரும்பு வேண்டாம், கரி போதும் என்று அமெரிக்காவில் சிலர் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்!

கரி எப்படி நூலாகிறது?

இந்தக் கதை எடிசனிடம் தொடங்குகிறது. 1879-ல் அவர் பல்புக்குள் வைத்து எரியவிட்டது பருத்தி நூலைக் கருக்கிச் செய்த கரி இழை. பிறகு மூங்கில் இழை. டங்ஸ்டன் வந்ததும் கரி இழையை உலகம் மறந்துபோனது.

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் மறுபடி அதைக் கையில் எடுத்தது. இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்: அவர்கள் கருக்கியது ரேயான் நூலை! பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி தறியாக ஓடுகிறதே, அதே இனத்து ரேயான்தான். ஆனால் ரேயானைக் கருக்கினால் எடையில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும், மிஞ்சுவது கொஞ்சம். அதன் பிறகு 1960 வாக்கில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி, பாலி அக்ரிலோ நைட்ரைல் என்ற செயற்கை இழை இதற்கு இன்னும் பொருத்தம் என்று காட்டினார். சுருக்கமாக 'பேன்' என்பார்கள். குளிருக்குப் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு இது நெருங்கிய சொந்தம். 1971-ல் ஜப்பானின் டோரே நிறுவனம் இதை வியாபார அளவில் தயாரிக்கத் தொடங்கியது.

செய்முறை சுருக்கமாக இதுதான். பேன் இழையை 200 முதல் 300 டிகிரி சூட்டில், காற்றுப்பட, இழுத்துப் பிடித்தபடியே வாட்டுகிறார்கள். இழை கறுக்கும், உருகாத தன்மை வரும். பிறகு காற்றே இல்லாமல், நைட்ரஜன் நிரம்பிய உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். கார்பனைத் தவிர மற்றதெல்லாம் ஓடிவிடும். எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மிஞ்சும் இழையின் குறுக்களவு 7 மைக்ரான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலம்? அதே எடையுள்ள இரும்பைப் பக்கத்திலேயே நிறுத்த முடியாது.

நம்ம தறி மொழியில்...

இந்த இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கற்றையாகச் சுற்றுகிறார்கள். 3000 இழை சேர்ந்தால் 'மூணு கே', 12000 சேர்ந்தால் 'பன்னிரண்டு கே'. பாவுக்குக் கஞ்சி போட நாம் சைசிங் மில்லுக்கு அனுப்புகிறோம் அல்லவா? கரி நூலுக்கும் ஒரு பூச்சு உண்டு. அதற்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சைசிங்'தான்! நம் கஞ்சி, நூல் அறுந்து போகாமல் காக்கிறது. அவர்கள் பூச்சு அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. பின்னால் ஊற்றப் போகும் எபாக்ஸி பிசின் இழையோடு நன்றாகப் பிடித்துக்கொள்ள உதவுகிறது.

ஒரு கார்பன் கிட்டாரின் முதுகுப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, இது டுவில்தானே?"

"ஆமாங்கப்பா."

"ரெண்டு மேல ரெண்டு கீழ. எவன் நெஞ்சானோ, கரை நேரா இருக்குது."

நாற்பது வருஷத் தறிக்காரருக்கு அது கிட்டாராகத் தெரியவில்லை, துணியாகத் தெரிந்தது! அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாதா நெசவு துணி வளைவுகளில் படியாமல் மடிப்பு விழும். டுவில் துணி கிட்டாரின் இடுப்பு வளைவில் வழுக்கிக்கொண்டு படியும். ஆகவே வளைவான பாகங்களுக்கு டுவில்.

இன்னொரு சங்கதி. ஒரு லுங்கியைப் பாவு வாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடை வாக்கில் இழுங்கள், அசையாது. கோணலாக, மூலைக்கு மூலை இழுங்கள்; இளகிக் கொடுக்கும். கார்பன் துணியும் இதே குணம்தான். இழை ஓடும் திசையில்தான் பலம். அதனால் ஒரு அடுக்கை நேராகவும், அடுத்த அடுக்கை 45 டிகிரி திருப்பியும் வைக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணம் என்பதில்தான் கிட்டாரின் குரலே அடங்கியிருக்கிறது.

பிறகு அச்சில் மெழுகு பூசி, துணியைப் பரப்பி, எபாக்ஸி தடவி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளிருக்கும் காற்றை வேக்குவம் பம்பால் உறிஞ்சி எடுத்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். பிசின் முன்கூட்டியே ஏற்றிய துணியும் உண்டு. அதைக் குளிரில் பத்திரப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவாகவே இறுகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் பி டி கியூப் பை பன்னிரண்டு என்று மனப்பாடம் செய்தோமே, அது இப்போது உதவும். ஒரு பலகையின் வளையாத் தன்மை அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்.

கிட்டார் மேல்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தின் யங்ஸ் மாடுலஸ் இழைவாக்கில் சுமார் 10 கிகா பாஸ்கல். அடர்த்தி சுமார் 0.4. நெய்த கார்பன் துணியும் எபாக்ஸியும் சேர்ந்த தகட்டுக்கு மாடுலஸ் சுமார் 60. அடர்த்தி சுமார் 1.55. மாடுலஸ் ஆறு மடங்கு. ஆகவே அதே விறைப்புக்குக் கனத்தை ஆறின் கனமூலத்தால், அதாவது 1.8-ஆல் வகுத்தால் போதும். 2.8 மில்லிமீட்டர் மரத்துக்குப் பதில் சுமார் 1.5 மில்லிமீட்டர் கார்பன். சரி, எடை? 2.8-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 1.1. 1.5-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2.3. அதாவது கார்பன் பலகை இரண்டு மடங்கு கனம்!

என்ன நண்பர்களே, ஏமாற்றமா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இரும்பை ஜெயித்த கார்பன், ஒரு மரப்பலகையிடம் தோற்பதா? ஆனால் உண்மை இதுதான்: பலகையாக வளைவதில் ஸ்ப்ரூஸ் மரத்தை மிஞ்சுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இயற்கை அதை உள்ளே வெற்றிடம் விட்டு, குழாய் குழாயாகக் கட்டியிருக்கிறது.

அப்படியானால் கார்பன் கிட்டார்காரர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு வழி. ஒன்று, இரண்டு மெல்லிய கார்பன் தோலுக்கு நடுவே லேசான ஒரு பொருளை வைத்து சாண்ட்விச்சாகச் செய்வது. கனம் கூடும், எடை கூடாது. மற்றொன்று, மரப்பலகைக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒட்டும் குறுக்குச் சட்டங்களை எடுத்துவிடுவது. கார்பனுக்கு எல்லாத் திசையிலும் பலம் கொடுத்து அடுக்க முடியும் என்பதால், ரெயின்சாங் போன்ற கிட்டார்களின் மேல்பலகைக்கு அடியில் சட்டமே கிடையாது. அங்கே மிச்சப்படுத்திய எடை இங்கே ஈடாகிறது.

யார் யார் செய்தார்கள்?

முதல் அடி எடுத்து வைத்தவர் ஹெலிகாப்டர் செய்தவர்! சார்லஸ் காமன் என்ற அமெரிக்கர். ஹெலிகாப்டர் இறக்கையில் அதிர்வை அடக்குவது அவர் தொழில். கிட்டாரில் அதிர்வை வளர்த்துப் பார்த்தால் என்ன என்று யோசித்து, 1966-ல் ஒவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்தார். முதுகு மட்டும் ஃபைபர்கிளாஸ், சட்டி மாதிரி உருண்டை. 1970-களின் நடுவில் அதே கம்பெனி அடமாஸ் என்ற கிட்டாரின் மேல்பலகைக்கே கார்பன் இழையைப் போட்டது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர், தலையே இல்லாத ஒரு பேஸ் கிட்டாரைக் கார்பன் கலவையில் செய்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்.

முழுக்க முழுக்கக் கார்பனில் செய்த அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பேர் வாங்கித் தந்தவர் ஜான் டெக்கர். இயற்பியல் படித்தவர், ஹவாய்த் தீவில் குடியிருந்தவர். கடற்கரை ஈரத்தில் மரக் கிட்டார் தாங்காது என்பதே அவருக்குத் தூண்டுதல். 1990-களின் நடுவில் வந்த அவர் கிட்டாரின் பெயர் ரெயின்சாங், அதாவது மழைப்பாட்டு! அயர்லாந்தில் டொனகால் பகுதியில் அலிஸ்டர் ஹே தொடங்கிய எமரால்டு, சான்ஃபிரான்சிஸ்கோவின் பிளாக்பேர்டு, விஸ்கான்சினின் மெக்ஃபெர்சன் என்று பிறகு பலர் வந்தார்கள். லூசியானா மாநிலத்தின் காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ் 2010-ல் மூடப்பட்டு, பீவி நிறுவனம் அதை வாங்கியது. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் தொழில் நிலைக்காது என்பதற்கு அது ஒரு பாடம். போஸ்டன் சிம்பொனியில் செல்லோ வாசித்த லூயிஸ் லெகியா கார்பனில் செல்லோவே செய்தார்.

சந்தையில் கிடைப்பது என்ன?

இன்று 'கார்பன் கிட்டார்' என்ற பெயரில் விற்பது எல்லாம் ஒன்றல்ல. வாங்க நினைப்பவர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் ரகம், துணியை அடுக்கிக் கையால் செய்வது. மேலே சொன்ன ரெயின்சாங், எமரால்டு எல்லாம் இந்த ரகம். விலை 2,000 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும். இந்தியாவுக்கு வரவழைத்தால் கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் தனி.

இரண்டாவது ரகம், பாதி கார்பன், பாதி மரம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய க்ளோஸ் கிட்டார், உடம்பைக் கார்பனிலும் கழுத்தை மரத்திலும் செய்து விலையைக் குறைத்தது.

மூன்றாவது ரகம், சீனாவிலிருந்து வருபவை. இவற்றில் விலை குறைந்த சிலவற்றில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கார்பன் இழைத் துண்டுகளைக் கலந்து, ஊசி மோல்டிங்கில் வார்த்து எடுக்கிறார்கள். பக்கெட் வார்க்கிற அதே முறை. விலை முதல் ரகத்தைவிட வெகு குறைவு. இது ஏமாற்று வேலை இல்லை, மழைக்கும் வெயிலுக்கும் நன்றாகவே தாங்கும். ஆனால் நீளமாக ஓடும் இழையின் பலம் துண்டு இழைக்கு வராது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பம்.

நான்காவது ஒன்று உண்டு. அது ஸ்டிக்கர்! பைக் மட்கார்டில் ஒட்டுகிறோமே, அந்தக் கார்பன் டிசைன் ஸ்டிக்கர். கண்டுபிடிப்பது எப்படி? வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். நிஜத் துணியில் பாவும் ஊடையும் மாறி மாறி ஒளிரும், ஆழம் தெரியும். விளிம்பிலும் சத்த ஓட்டையின் ஓரத்திலும் பாருங்கள், ஒட்டிய படம் அங்கே காட்டிக் கொடுத்துவிடும். தறிக்காரர் பிள்ளைகளை இதில் ஏமாற்ற முடியாது!

பழைய கிட்டார் வாங்குவதிலும் ஒரு வித்தியாசம். மரக் கிட்டாரில் முதலில் பார்ப்பது கழுத்து வளைந்திருக்கிறதா, பலகை வெடித்திருக்கிறதா என்று. கார்பனில் அந்தப் பயம் குறைவு. ஃப்ரெட் தேய்மானம், முறுக்கு ஆணிகள், பிக்கப் வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பிறகு விரல் முட்டியால் எல்லா இடமும் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் செத்த சத்தம் வந்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். பானை வாங்கும் பாட்டி செய்கிற சோதனைதான்.

ரசிகர்கள் சண்டை

இந்தக் கிட்டாருக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு என்றேன் அல்லவா? ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்கள், கடற்கரை ஊர்க்காரர்கள், படகிலும் மலையிலும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இவர்களில் அதிகம். கிட்டார் மேல் தண்ணீரை ஊற்றி, துடைத்துவிட்டு வாசித்துக் காட்டுவதில் இவர்களுக்கு ஒரு சந்தோஷம். மரக் கட்சிக்காரர்களுக்கோ அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

"அதில் ஜீவன் இல்லை, பிளாஸ்டிக் டப்பா சத்தம்" என்பது மரக் கட்சி. "கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்பது கரிக் கட்சி. நான் யார் பக்கம்? மரம் மேல் ஸ்தாயியின் கூர்மையைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். கார்பனில் அடுக்கும் நடுப்பொருளும் சரியில்லாவிட்டால் அந்தக் கூர்மை அப்படியே வெளியே வந்து தகரம் மாதிரி காதில் அடிக்கும். நன்றாகச் செய்த கார்பனில் அப்படி இல்லை. இன்னொன்று, மரக் கிட்டார் வாசிக்க வாசிக்கப் பழுத்து இனிமை கூடும் என்று நம்புகிறார்கள். கார்பன் வாங்கின அன்று எப்படியோ, இருபது வருஷம் கழித்தும் அப்படியே. இது குணமா குறையா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

கரிக் கட்சிக்காரர்கள் சொல்லும் ஒரு பெருமையை மட்டும் நாம் திருத்த வேண்டும். "சுருதியே கலையாது" என்பார்கள். உடம்பு அசையாதுதான். கார்பன் சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை. ஆனால் கம்பி எஃகாயிற்றே! வெயிலில் கம்பி நீளும், உடம்பு நீளாது, இழுவிசை குறையும், சுருதி இறங்கும். தெர்மல் ஸ்ட்ரெஸ் பாடம் படித்தவன் மேடையில் ஏறும் முன் ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்வான்.

ரிப்பேர் விஷயத்தில் மரத்துக்கே ஜெயம். மரக் கிட்டார் உடைந்தால் கைநயமுள்ள ஆசாரி ஒட்டிக் கொடுப்பார். கார்பன் கிட்டார் வெடித்தால் ஈரோட்டில் யாரிடம் கொண்டுபோவது? பல கார்பன் கிட்டார்களில் கழுத்தைச் சரிசெய்யும் டிரஸ் ராடே இல்லை. பிறவியில் சரியாக இருந்தால் ஆயுசுக்கும் சரி. கோணலாகப் பிறந்திருந்தால் அதுவும் ஆயுசுக்கும்தான்.

நம்ம நாட்டில்?

கிட்டாரை விடுங்கள், நம் வாத்தியங்களில் இந்த முயற்சி நடந்ததா? நடந்தது. பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளரும் கர்நாடக சங்கீதப் பாடகருமான கே. வரதரங்கன், தோலும் மரமும் இல்லாத 'ஸ்ரீ' மிருதங்கத்தை உருவாக்கினார். கூடு ஃபைபர்கிளாஸ், தோலுக்குப் பதில் செயற்கைப் படலம். கல்லும் கட்டையும் வைத்துத் தட்டாமல் போல்ட்டை முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். அதே பெங்களூரில், ஹெச்.ஏ.எல்.லில் பணியாற்றிய புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் ரேடல் நிறுவனத்தைத் தொடங்கி, மின்னணுத் தம்புராவையும் பிறகு மின்னணு வீணையையும் கொண்டுவந்தார். இன்று கச்சேரி மேடையில் தம்புராப் பெட்டியைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் கடைவது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருதங்கம் செய்யும் குடும்பங்கள் தோலைப் பதம் பார்த்து மூட்டுவதற்குப் பல வருஷம் கைப்பழக்கம் வேண்டும். அவர்கள் உழைப்பு மேடையில் பேசப்படுவதே இல்லை என்பதைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆரோவில்லில் எரிஸா நியோகி ஒவ்வொரு கிட்டாரையும் கையால் மரத்தில் இழைத்துச் செய்கிறார். அச்சில் வார்த்த வாத்தியம் வந்தால் இந்தக் கைகளுக்கு என்ன வேலை? கைத்தறியை விசைத்தறி தள்ளியதையும், விசைத்தறியைத் தானியங்கித் தறி தள்ளுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. இந்தக் கேள்வியை நாம் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது.

மரத்துக்கும் நெருக்கடி உண்டு. கிட்டாரின் முதுகுக்குப் புகழ்பெற்ற மரம் நம் மலைகளில் வளரும் ஈட்டி. ஈட்டி இனம் முழுவதையும் 2017 ஜனவரியில் சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிட்டாரை நாடு தாண்டி விற்பதற்கே பத்திரம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. நல்ல மரம் இனி மலிவாகக் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே என் கருத்து இது: நல்ல மரத்தை நல்ல கைகளுக்கு விடுவோம். வேன் கூரையில் போகும் கிட்டாரும், பள்ளிக்கூடப் பிள்ளை பழகும் கிட்டாரும், மழையில் நனையும் கிட்டாரும் ஃபைபரில் இருக்கட்டும். ரெண்டுக்கும் இடம் இருக்கிறது.

நமக்கு என்ன?

கார்பன் துணி எங்கோ அமெரிக்காவில்தான் என்று நினைக்க வேண்டாம். நம் தேஜஸ் விமானத்தின் உடற்கட்டில் எடைக்கணக்கில் சுமார் 45 சதவீதம் கார்பன் கலவை. போலியோ பாதித்த குழந்தைகள் காலில் மாட்டியிருந்த மூன்று கிலோவுக்கும் மேலான இரும்புக் காலிப்பருக்குப் பதில், ஏவுகணைக்கு உருவாக்கிய லேசான பொருளில் 300 கிராம் காலிப்பர் செய்து கொடுத்ததைத்தான் அப்துல் கலாம் அவர்கள் தம் மனதுக்கு நிறைவான காரியமாக அடிக்கடி சொன்னார்.

அப்பாவிடம் கேட்டேன், "நம்ம தறியில இத ஓட்ட முடியுங்களாப்பா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நாடா போற வேகத்துக்கு இது நொறுங்கிப் போயிரும்டா" என்றார். சரியான பதில். கார்பன் இழை இழுத்தால் தாங்கும், மடக்கினால் ஒடியும். அச்சிலும் விழுதிலும் உராய்ந்தால் பிசிறு கிளம்பும். அதற்கு நாடா இல்லாத ரேப்பியர் தறி வேண்டும், நூல் செல்லும் பாதையெல்லாம் வழவழப்பாக மாற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்பன் மின்சாரம் கடத்தும். பறக்கும் பிசிறு மோட்டாருக்குள்ளும் ஸ்டார்ட்டருக்குள்ளும் போனால் ஷார்ட் சர்க்யூட்தான். 1999-ல் யுகோஸ்லாவியாவில் மின் நிலையங்களை முடக்க இதே மாதிரி இழைகளைக் குண்டில் வைத்துத் தூவினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க், கையுறை கட்டாயம். அந்தத் தூசி மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது.

அதற்காகக் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கிளாஸ் ஃபைபரில் அச்சு எடுக்கப் பழகியவனுக்குக் கார்பனுக்கு மாறுவது பெரிய தூரம் இல்லை. பிளாக்பேர்டு நிறுவனம் கார்பனோடு நிற்காமல், லினன் துணியையும் பிசினையும் கொண்டே கிட்டார் செய்து விற்றது. லினனில் முடியுமென்றால் நம் சணலிலும் பருத்தியிலும் ஏன் முயன்று பார்க்கக் கூடாது? ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு வருஷா வருஷம் அதே மாடலைத் தூசி தட்டி வைக்காமல், டெக்ஸ்டைலும் மெக்கானிக்கலும் கைகோத்து, ஒரே அளவில் நாலு வகைப் பலகை செய்து, எடை போட்டு, வளைத்துப் பார்த்து, தட்டிச் சத்தத்தை அளந்து ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் எப்படி இருக்கும்? தேவையான தராசும், டயல் கேஜும் லேப்பிலேயே இருக்கின்றன. துணி? அதற்கு நம்ம ஊரில் பஞ்சமா!

நெசவு என்றால் லுங்கியும் துண்டும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்து, தறியை விட்டுத் தூரப் போகத் துடிக்கிறோம். போவதில் தப்பில்லை. ஆனால் பாவும் ஊடையும் தெரிந்த கண், விமானத்திலும் கிட்டாரிலும் செல்லுபடியாகும் கண் என்பதைத் தெரிந்துகொண்டு போவோம். அப்பா, அம்மாவின் தொழில் நமக்குக் கொடுத்த அந்த அறிவு எந்த டிப்ளமோவிலும் சேராத மார்க்கு.

படிப்போம், செய்து பார்ப்போம், சாதிப்போம்!